புளி போட்டுத் தேய்த்த கெட்டில்

பித்தளையைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. திருவிதாங்கூர்ப் பக்கம், கரமனை அக்கிரகாரத்தில் வளர்ந்தவளுக்கு அது கூடப் பிறந்த வியாதி. எங்கள் வீட்டில் நவராத்திரிக்கு முந்தின வாரமும் கார்த்திகைக்கு முந்தின வாரமும் பள்ளிக்கூடம், பரீட்சை என்கிற எந்தச் சாக்கும் செல்லாது. கிணற்றடியில் உட்கார்ந்து, பழம்புளியும் அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துக்கொண்டு, குத்துவிளக்கிலிருந்து கொப்பரை வரைக்கும் தேய்த்தாக வேண்டும். அம்மா ஒவ்வொன்றாக வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். அவள் மூக்குத்தி அதில் தெரிந்தால்தான் எழுந்திருக்கலாம். மனிதர்களையும் அவள் அப்படித்தான் எடை போட்டாள். யார் வீட்டுக்காவது போய்விட்டு வந்தால், "தங்கமான மனுஷாதான், ஆனா செம்புல களிம்பு" என்பாள். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அந்த வீட்டைப் பற்றிப் பேச்சே கிடையாது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பிறகு செய்த காரியத்துக்கு இது சமாதானம் ஆகாதுதான். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று சொல்ல இதைவிட்டால் வேறு சாட்சி என்னிடம் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் சரித்திரத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். வீட்டில் ஜாதகம் எடுத்திருந்தார்கள். பொன்முடிக்குப் போகும் சாலையில், மலை ஏறத் தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கிராமத்தில், ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு மியூசியம் தொடங்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த வட்டாரத்து வீடுகளிலும் வயல்களிலும் தோட்டங்களிலும் புழங்கிய பழைய சாமான்களை ஒரே இடத்தில் சேர்த்து வைப்பது அவர்கள் திட்டம். ஒவ்வொரு சாமானுக்கும் மலையாளத்தில், இங்கிலீஷில், தமிழில் ஓர் அட்டை எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். தமிழ் எதற்கென்றால், மேலே தேயிலைத் தோட்டத்தில் லயம் என்று சொல்லும் வரிசை வீடுகளில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தமிழர்கள். மூன்று மொழியிலும் கையெழுத்து நன்றாக இருந்த ஒரே காரணத்தால் வேலை எனக்குக் கிடைத்தது.

"மியூசியத்துல வேலை" என்று தெருவில் சொன்னால், நகரத்து மியூசியத்தையும் பக்கத்து மிருகக்காட்சிசாலையையும் நினைத்துக்கொண்டு, "அப்போ புலிய தினம் பாக்கலாம்" என்பார்கள். என் மியூசியத்தில் எலிதான் இருந்தது. பழைய மலைச்சரக்குக் கிடங்கு ஒன்றை வெள்ளையடித்து வைத்திருந்தார்கள். எத்தனை சுண்ணாம்பு பூசியும் சுவரிலிருந்து மிளகு வாசனை போகவில்லை. மழை நாளில் அந்த வாசனை இன்னும் தூக்கலாக வரும். கரமனையிலிருந்து தம்பானூர், தம்பானூரிலிருந்து இன்னொரு பஸ் என்று போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். அலுத்துக்கொண்டேதான் போனேன். இப்போது அந்த பஸ்ஸின் ஜன்னலோர சீட்டுக்காக ஏங்குகிறேன் என்றால் அன்றைக்கு நான் நம்பியிருக்க மாட்டேன்.

மியூசியத்துக்கு ஒரு செக்ரட்டரி. பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், மலையாளி. எல்லாருக்கும் அவர் சார், எனக்கும் சார். நடந்தும் ஜீப்பிலும் வீடு வீடாகப் போய்ச் சாமான் கேட்டு வாங்கி வருவார். நான் அதற்கு நம்பர் போட்டு, பதிவேட்டில் எழுதி, அட்டை எழுதுவேன். நெல் அளக்கும் பறை, ஓலையில் பின்னிய தொப்பிக்குடை, திருவிதாங்கூர் காலத்துக் காசுகள், மேலே முழுக்கப் பேர் வெட்டிய பள்ளிக்கூட பெஞ்சு என்று கிடங்கு நிறைய ஆரம்பித்தது. ஆரியசாலைக் கடைத்தெருவிலிருந்து ஒரு தமிழ் வியாபாரி தன் கடையின் பழைய தராசை லாரியில் அனுப்பி வைத்தார். அதன் தட்டில் நானே ஏறி உட்காரலாம், அவ்வளவு பெரியது.

திறப்பு விழாவுக்கு முன்பே ஆட்கள் வந்து போக ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் சரித்திரம் பார்க்க வரவில்லை என்பது முதல் வாரத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. தாங்கள் கொடுத்த சாமான் சௌக்கியமா என்று பார்க்க வந்தார்கள். நேராக அதனிடம் போய் நிற்பார்கள், ஒரு தட்டுத் தட்டுவார்கள், கிளம்பிவிடுவார்கள். முடிவெட்டும் நாற்காலியைக் கொடுத்தவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து அதன் திருகுகளுக்கு எண்ணெய் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் அதிலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். இரண்டு வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு பறை கொடுத்துவிட்டு எது பழையது என்று சண்டை போட்டதால், இரண்டையும் ஹாலின் இரண்டு மூலையில் வைத்தேன். ஒருவர் மனைவி ஊருக்குப் போயிருந்த சமயம் பார்த்து அவள் தையல் மெஷினைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். மூன்றாம் நாள் அந்த அம்மாள் ஆட்டோவோடு வந்து இறங்கி, மெஷினைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். நான் பாடுபட்டு எழுதிக் கட்டியிருந்த அட்டையும் அதோடு போயிற்று.

விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது சாருடன் ஜீப்பில் தோட்டத்துக்குப் போனேன். லயத்தில் கடைசி வீட்டில் ஒரு பெண்மணி. அறுபது வயது இருக்கலாம். கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல் நுனியெல்லாம் காய்ப்புக் காய்ச்சியிருந்தது. வீட்டைக் காலி செய்துவிட்டு அம்பாசமுத்திரம் பக்கம் மகள் வீட்டுக்குப் போகப்போவதாகச் சொன்னாள். உள்ளே போய் ஒரு கெட்டிலைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தாள். பெருத்த வயிறு, நீண்ட மூக்கு, வளைந்த பிடி. பித்தளை என்று அவள் சொல்லித்தான் தெரிந்தது. எனக்குத் தெரிந்த பக்கமெல்லாம் அவ்வளவு கரி.

அவள் புருஷன் தோட்டத்தில் சாயா கொண்டு போகிறவராக இருந்தார். காலையில் மலைச்சரிவில் கிள்ளிக்கொண்டு நிற்கிற பெண்களுக்கு, இருக்கிற இடத்துக்கே போய்ச் சாயா ஊற்றுவது அவர் வேலை. ஆறிப்போனால் அங்கேயே மூன்று கல்லைக் கூட்டி, சுள்ளி பொறுக்கித் தீ மூட்டிச் சூடாக்குவார். முப்பது வருஷத்துக்கு மேல் அதே கெட்டில். அவர் போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது.

"போட்டோன்னு ஒண்ணு அவுகளுக்கு இல்ல கேட்டோ. இதுதான் இருக்கு. மக வீட்டுக்குக் கொண்டு போனா பேரப்பய பழைய சாமான் எடுக்குத ஆக்ரிக்காரன்ட்ட போட்டு ஐஸ் வாங்கித் தின்னுருவான். நீங்க வச்சுக்கோங்க. பாத்து வைக்கணும்" என்றாள்.

"நன்னா பாத்துக்கறேன்மா" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். ஆனால் கெட்டிலை வாங்கும்போது துப்பட்டாவில் கரி ஒட்டிவிடுமே என்று இரண்டு விரலால் பிடியைத் தூக்கி, நாலு சுற்று பேப்பர் சுற்றித்தான் ஜீப்பில் வைத்தேன். அதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பதிவேட்டில் எழுத அவள் பெயரைக் கேட்டேன். அவர் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. சாமான் கொடுத்தவர் பெயருக்குத்தான் பதிவேட்டில் கட்டம் இருந்தது.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, சார் அழைப்பிதழ் கொடுக்கக் கிளம்பிப் போய்விட்டார். கிடங்கில் நான் தனியாக நின்று அலமாரிகளைப் பார்த்தேன். விளக்குகள் எண்ணெய்ப் பிசுக்கோடு, உருளிகள் பச்சைக் களிம்போடு, கெட்டில் கன்னங்கரேலென்று. ஊரே வரப்போகிறது. அம்மா வந்தால்? மறுநாள் காலையில் வீட்டில் புளி கேட்டேன்.

"எதுக்குடி இத்தனை புளி?"

"மியூசியத்துப் பாத்திரம் தேய்க்கணும்."

"அப்பாடா, அங்கயும் ஒருத்தருக்குப் புத்தி வந்துதே" என்று அம்மா ஜாடியைக் கவிழ்த்து நல்ல பழம்புளியாகப் பார்த்து ஒரு பெரிய உருண்டை எடுத்துக் கொடுத்தாள்.

அன்று முழுவதும் கிடங்குக்குப் பின்னால் குழாயடியில் உட்கார்ந்து தேய்த்தேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பாட்டுப் பாடிக்கொண்டே தேய்த்தேன் என்று சொன்னால் இன்னும் வெட்கக்கேடு, ஆனால் பாடினேன். விளக்குகளுக்குக் கால் மணி போதும். கெட்டிலுக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. கரி செதில் செதிலாக உரிந்து வந்தது. கடைசியில் வெயிலில் தூக்கிப் பிடித்தேன். என் மூக்குத்தி தெரிந்தது.

விழாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்த அலமாரி முன்னால் நின்று போனார்கள். சாரும் முகம் மலர்ந்து, "அசலாயிட்டுண்டு மோளே" என்றார், நன்றாக இருக்கிறதென்று. வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர், "புத்தன் போலே!" என்று வியந்தார். மியூசியத்தில் ஒரு பொருளைப் பார்த்து ஒருவர் புதுசு மாதிரி இருக்கிறது என்று சொன்னால், அதைக் கேட்டு நடுங்க வேண்டும் என்று எனக்கு அன்று தெரியாது. நான் பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன்.

மதியம் தோட்டத்திலிருந்து ஒரு ஜீப் நிறைய ஆட்கள் வந்தார்கள். அவளும் வந்தாள், நல்ல சேலை கட்டி, தலையில் பூ வைக்காமல் எண்ணெய் தேய்த்து வாரி. ஹாலை ஒரு சுற்றுச் சுற்றினாள். கெட்டில் இருந்த அலமாரியைத் தாண்டிப் போனாள். இன்னொரு சுற்று வந்தாள். மூன்றாவது சுற்றில் என்னிடம் வந்து, "டீச்சரே, எங்க கெட்டில எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அட்டை எழுதுகிறவள் என்பதால் தோட்டத்துக்காரர்களுக்கு நான் டீச்சர்.

பெருமையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இது எங்களது இல்ல" என்றாள்.

"உங்களோடதுதாம்மா. நம்பர் பாருங்கோ."

"இல்ல. எங்க கெட்டிலு இது இல்ல."

கூட வந்தவர்கள் கூடிவிட்டார்கள். "பழச வித்துட்டுப் புதுச வாங்கி வச்சிட்டாங்க" என்று பின்னால் யாரோ சொன்னது எனக்குக் கேட்டது. சார் பதிவேட்டைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். கெட்டிலின் அடியில் எழுதியிருந்த நம்பரைக் காட்டினார். தேய்த்து முடித்த பிறகு நான் எழுதிய நம்பர் அது, அதை வைத்து எதை நிரூபிக்க முடியும்? எங்கள் பேச்சைக் கேட்டுச் சாமான் கொடுத்த மற்றவர்கள் அவரவர் சாமானைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அவளே கெட்டிலைக் கையில் வாங்கினாள். மூக்கின் அடியில், வயிற்றோடு சேரும் இடத்தில், ஒரு விரலை விட்டுத் தடவினாள். அங்கே எப்போதோ ஓட்டை விழுந்து ஈயம் வைத்து அடைத்திருந்தது. அந்த மேடு விரலில் தட்டியதும் அவள் முகம் மாறிவிட்டது. தங்கள் கெட்டில்தான் என்று தெரிந்ததில் அவளுக்கு நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தேச்சிட்டீங்களா?"

"ஆமாம்மா. ஒரே கரியா இருந்துதே. அழுக்குதானே, போயிடுத்து."

"அழுக்கா?" என்றாள். சத்தமே போடவில்லை. "அவுக கை அதுல இருந்துச்சே."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் சொன்னாள். கெட்டில் நிறைய சாயா இருந்தால் ஒரு கையால் சாய்க்க முடியாது. கனம், சூடு. ஒரு கை பிடியில் இருக்கும். இன்னொரு கையில் துணியை மடித்து வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தாங்கித்தான் ஊற்றுவார். முப்பது வருஷம் அந்தத் துணி பட்டுப் பட்டு, அந்த ஒரு இடத்தில் மட்டும் கரி ஏறவே இல்லை. உள்ளங்கை அகலத்துக்குப் பித்தளை தெரிந்துகொண்டே இருந்தது. அவர் போன பிறகு அவள் கெட்டிலை எடுத்துப் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

அவள் சொல்லச் சொல்ல எனக்குக் குழாயடி ஞாபகம் வந்தது. தேய்க்கும்போது ஓர் இடத்தில் கை வழுக்கிக்கொண்டு போயிற்று. கரி இல்லாத இடம், மிச்சமாச்சு என்று நினைத்தேன். எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. இன்று வரைக்கும் என் மேல் எனக்குக் கோபம் அந்த ஒரு நொடிக்காகத்தான். கண்ணால் பார்த்தேன், கையால் தொட்டேன், தாண்டிப் போய்விட்டேன்.

ஜீப் கிளம்பிப் போன பிறகு சார் என்னைத் திட்டவில்லை. "தெற்று நம்மள் ரெண்டு பேருடேயும் ஆணு மோளே. அசலாயின்னு ஞானும் பறஞ்சல்லோ" என்றார். தவறு இரண்டு பேருடையதும்தான், நன்றாக இருக்கிறதென்று தானும் சொன்னேனே என்கிறார். அவர் திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசித் தப்பித்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

இரண்டு நாள் யோசித்துவிட்டு நான் செய்தது இன்னொரு பைத்தியக்காரத்தனம். குழாயடியிலேயே மூன்று கல்லைப் போட்டு, தேங்காய்ச் சிரட்டையைக் கொளுத்தி, ஈர இலையைப் போட்டுப் புகை கிளப்பி, கெட்டிலை அதன் மேல் பிடித்தேன். கண்ணெல்லாம் எரிந்தது. கெட்டில் கறுத்தது, ஆனால் மை அப்பினது போலத் திட்டுத் திட்டாக. சார் வந்து பார்த்துவிட்டு, "இனி கள்ளக் கரியும் வேணோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். சுருக்கென்று தைத்தது. அதைவிடப் பெரிய சங்கடம், அந்தக் கை இருந்த இடத்தை விட்டுவிட்டுப் புகை காட்டலாம் என்று பார்த்தால், அது எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் கெட்டிலைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். பதிவேட்டில் எழுதாமல் ஒரு சாமானை வெளியே கொண்டு போவதற்குப் பெயர் திருட்டு. நான் வாசலைத் தாண்டும்போது சார் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார்.

அவள் வீட்டில் பாதிச் சாமான் கட்டியாகிவிட்டது. வாசலில் இரண்டு சாக்கு மூட்டை, கயிறு போட்ட ஒரு டிரங்குப்பெட்டி. கிளம்ப மூன்று நாள்தான் இருந்தது. என்னைப் பார்த்து, "வாங்க" என்று மட்டும் சொன்னாள். நான் பேப்பரைப் பிரித்துக் கெட்டிலை அவள் முன்னால் வைத்தேன்.

"இது உங்களோடதும்மா. எடுத்துண்டு போங்கோ. நான் பண்ணினது மகா தப்பு" என்றேன்.

அவள் விரலால் கரியைச் சுரண்டிப் பார்த்தாள். "இது என்ன கரி?"

சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தோடேயே சிரித்தாள். "சிரட்டைய வச்சுப் புகைய காட்டினா கரியா? உங்க வீட்டுல அடுப்பே பத்த வைக்க மாட்டீங்களா டீச்சரே?" என்று சொல்லி, அந்தத் திட்டுக் கரியைப் பழந்துணியால் வழித்தெறிந்தாள். கெட்டிலில் தண்ணீர் பிடித்து, இன்னும் கட்டாமல் விட்டிருந்த அடுப்பில் ஏற்றி, தேயிலைச் செடிக் கட்டையை உள்ளே தள்ளினாள். நான் சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். தீ கெட்டிலின் வயிற்றைச் சுற்றி ஏறி ஏறி இறங்கியது. பித்தளை மெதுவாக மங்கி, அடியிலிருந்து மேலே கறுத்துக்கொண்டு வந்தது.

தேயிலைத் தூளைப் போட்டு இறக்கினாள். கட்டன் சாயா, பால் விடாதது. இரண்டு கிளாஸை எடுத்து வைத்தாள். பிடியில் வலது கையை வைத்தவள், சட்டென்று எடுத்துவிட்டு, இடது கையால் பிடித்தாள். வலது உள்ளங்கையில் துணியை மடித்து வைத்துக்கொண்டாள்.

"அவுக இடது கைக்காரரு. எல்லாரும் ஊத்துத மாதிரி ஊத்த மாட்டாவ. இப்படித்தான்."

துணியோடு கையை வயிற்றுக்கு அடியில் கொண்டு போனாள். கண்ணால் பார்த்து வைக்கவில்லை. கை தானாகப் போய் ஓர் இடத்தில் நின்றது. பிறகு சாய்த்தாள். அவளுக்கு இடது கை பழக்கமில்லை. பாதி கிளாஸில் விழுந்தது, பாதி தரையில் சிந்தியது. "எனக்கு இந்தக் கை வராது" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது கிளாஸையும் அப்படியேதான் ஊற்றினாள்.

கெட்டிலைக் கீழே வைத்துத் துணியை எடுத்தபோது, புதுக் கரி துணியோடு வந்துவிட்டிருந்தது. அந்த இடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பித்தளை தெரிந்தது.

இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "ம். அங்கதான்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. "எனக்குக் கோவம் போகல்ல கேட்டோ. போகவும் செய்யாது. சாயாவக் குடிங்க, ஆறுது" என்றாள். குடித்தேன். சர்க்கரை அதிகம். அந்தச் சாயாவை விட நல்ல சாயாவை அதற்குப் பிறகு நான் குடித்ததில்லை.

"எடுத்துண்டு போங்கோம்மா" என்று மறுபடி சொன்னேன்.

அவள் வாசலுக்கு வெளியே தெரிந்த சரிவைப் பார்த்தாள். "அம்பாசமுத்திரத்துல இத யாரு பாப்பா? அங்க இது வெறும் பித்தளை. இங்க இருந்தா இந்த மலையில நின்னவுக யாராச்சும் வந்து பாப்பாவ, இந்தக் கெட்டிலுல குடிச்சோம்னு சொல்லுவாவ. கீழயே வைங்க. இனிமத் தேய்க்காதீங்க, அவ்வளவுதான்."

கிளம்பும்போது அவர் பெயரைக் கேட்டேன். சொன்னாள். இரண்டு தரம் சொல்லச் சொல்லி, பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன்.

கெட்டிலைப் பேப்பரில் சுற்ற முடியாது, கரி உரசிப் போய்விடும். பையில் போட முடியாது. பிடியைப் பிடித்துத் தொங்கவிட்டபடி பஸ்ஸில் ஏறினேன். "அது தாழ வைக்கு சேச்சி" என்று கண்டக்டர் சீட்டுக்கு அடியைக் காட்டினார். "பற்றில்ல" என்றேன், முடியாதென்று. "அதில் எந்தா, ஸ்வர்ணமோ?" என்றார். மடிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வளைவுக்கு வளைவு பக்கத்தில் இருந்த அம்மாள் என் மேல் சாய்ந்தாள். ஒவ்வொரு தரமும் கெட்டிலை அந்தப் பக்கம் கொண்டு போய், என் தோளைக் குறுக்கே கொடுத்துத் தாங்கினேன். கை மரத்துப்போயிற்று. பச்சைக் கதர்ச் சேலை முழுக்கக் கரி. கிடங்கு வாசலில் இறங்கும்போது முதலில் அந்த இடத்தைத்தான் பார்த்தேன். அப்படியே இருந்தது.

சார் காசுகள் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியைக் காலி செய்து கொடுத்தார். மியூசியத்தில் பூட்டுப் போட்ட பெட்டி அது ஒன்றுதான். திருவிதாங்கூர் மகாராஜாவின் காசுகள் மேஜைக்குப் போய், கெட்டில் பெட்டிக்குள் போயிற்று. கைத்தடம் பார்க்கிறவர்கள் பக்கம் தெரிகிற மாதிரித் திருப்பி வைத்தேன்.

அதன் பிறகு மூன்று நான்கு வருஷம் அங்கே இருந்தேன். கல்யாணமாகிக் கரமனையை விட்டுப் போகும் வரை. அவள் ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள் எப்போதாவது வருவார்கள். ஒரு வயதான பெண் பெட்டி முன்னால் நின்று, "இடது கையில ஊத்துவாரே, அவரு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். மலைக்குச் சுற்றுலா போகிறவர்களும் வருவார்கள். மற்ற அலமாரிகளைக் கடகடவென்று பார்த்துக்கொண்டு வருகிறவர்கள் அந்தப் பெட்டி முன்னால் வந்ததும் நின்றுவிடுவார்கள். அட்டையை ஒரு தரம் படித்துவிட்டு, கெட்டிலைப் பார்த்துவிட்டு, மறுபடி அட்டையைப் படிப்பார்கள்.

அந்த அட்டையைச் சாரிடம் காட்டியபோது, "இது இங்ஙனே தன்னே வைக்கணோ?" என்று கேட்டார், இப்படியேதான் வைக்க வேண்டுமா என்று. இப்படியேதான் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மலையாளப் பிரதியைத் தன் கையாலேயே எழுதித் தந்தார். தமிழில் நான் எழுதியது இது. முதல் வரியில் அவர் பெயர் இருந்தது, அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

"தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் சாயா ஊற்றியவர். இடது கைக்காரர். இந்தக் கெட்டிலை அவர் வலது கையால் தாங்கிய இடத்தில் கரி ஏறாமல் இருந்தது. இந்த அட்டையை எழுதுகிறவள் அதைத் தெரியாமல் தேய்த்து அழித்துவிட்டாள். இப்போது தெரிவது அவர் மனைவியின் கை."